செல்லின் வாசலில் கந்தகக் காவலன்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்து இருக்கிறது சித்தன்னவாசல். பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் அங்கே போயிருக்கலாம். போகாதவர்கள் மனத்தாலாவது ஒருமுறை போய் வாருங்கள். வெயில் ஏறுமுன் பாறைப் படிகளில் ஏறி ஏழடிப்பட்டத்தை அடைகிறீர்கள். அங்கே சமண முனிவர்களுக்காக வழுவழுப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகளைக் காண்கிறீர்கள். பிறகு கீழே இறங்கி, அறிவர் கோயிலின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்க்கிறீர்கள். அதில் மீன்கள் நீந்துகின்றன, யானைகள் இறங்குகின்றன, பூப் பறிப்போர் நிற்கின்றனர். எல்லாம் பார்த்து முடிப்பதற்குள் வயிறு கூவுகிறது. மர நிழலில் அமர்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறீர்கள்.

இனி நடப்பதுதான் நம் கட்டுரையின் பொருள். சோறு உள்ளே போகிறது. அதிலுள்ள மாவுச்சத்து குடலில் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. உணவுக்கு முன் உங்கள் உடலிலுள்ள இரத்தம் முழுவதிலும் எவ்வளவு குளுக்கோஸ் இருந்திருக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம்! நான்கு அல்லது ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. ஆனால் ஒரு தட்டுச் சோற்றில் 50 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து இருக்கிறது. அவ்வளவும் குளுக்கோஸாகி இரத்தத்திலேயே தங்கினால் என்ன ஆவது? தங்குவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. தசைகளும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் அதை வாங்கிக்கொள்கின்றன. வாங்கிக்கொள்ளும்படி அவற்றுக்குச் செய்தி அனுப்புவது இன்சுலின் என்னும் ஹார்மோன்.

அந்தச் செய்தியை எப்போது அனுப்புவது, எவ்வளவு அனுப்புவது என்று முடிவு செய்வது யார்? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்ற அறிவியலறிஞர்கள், எதிர்பாராத ஓரிடத்தில் கந்தகத்தைச் சந்தித்தார்கள்.

தீவுகளில் ஒரு தொழிற்சாலை

இரைப்பைக்குப் பின்னே குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு கணையம். நீளம் ஒரு சாண் அளவுதான். இதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கிறது. ஆனால் கடலில் தீவுகள் போல, இடையிடையே வேறுவகைச் செல்கள் கூட்டம் கூட்டமாக உள்ளன. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர், தாம் மருத்துவ மாணவராக இருந்தபோதே இவற்றை நுண்ணோக்கியில் கண்டார். இவற்றின் பணி அவருக்குத் தெரியாது. இன்று இவற்றை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்கிறோம். ஒரு மனிதரின் கணையத்தில் ஏறத்தாழ 10 லட்சம் திட்டுகள் உள்ளன. அவற்றிலுள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் செய்பவை. செய்த இன்சுலினை அவை நுண்பைகளில் அடைத்து, உத்தரவுக்காகக் காத்திருக்கின்றன.

பீட்டா செல்லுக்கு நாக்கு இல்லை. ஆயினும் அது இரத்தத்தின் இனிப்பைச் சுவை பார்க்கிறது! எப்படி என்று படிப்படியாகக் காண்போம்.

முதலில், இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து, ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, எரிப்பதற்கு அனுப்புகிறது. வெளியே சர்க்கரை கூடினால் இந்த நொதியின் வேலையும் கூடுகிறது. ஆகவே இதுவே செல்லின் ‘நாக்கு’ எனலாம். குளுக்கோஸ் எரிந்தால் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயம் பெருகுகிறது. செல்லின் சுவரிலே பொட்டாசியம் வெளியேறுவதற்கென்று ஒரு வாசல் உண்டு. ஏ.டி.பி. பெருகியதும் அந்த வாசல் மூடிக்கொள்கிறது. 1984இல்தான் பீட்டா செல்லில் இந்த வாசல் இருப்பது கண்டறியப்பட்டது. அது மூடியதும் செல் சுவரின் மின்னழுத்தம் மாறுகிறது. உடனே மற்றொரு வாசல் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் வந்ததும் நுண்பைகள் சுவரோடு ஒட்டிப் பிளந்து இன்சுலினை இரத்தத்தில் கொட்டுகின்றன.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடலாம். அந்த மாத்திரைகள் செய்யும் வேலையும் இதுதான்: பொட்டாசிய வாசலை மூடி, இன்சுலினை வெளியே வரச் செய்வது.

நாற்றமடிக்கும் நண்பன்

இப்போது கந்தகத்திடம் வருவோம். சமையல் எரிவாயு கசிந்தால் ஒரு கெட்ட நாற்றம் வீசுகிறதல்லவா? எரிவாயுவுக்கு அந்த நாற்றம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். மெர்காப்டன் என்பதன் இன்றைய பெயர் தயோல். ஒரு கந்தக அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்து நிற்கும் தொகுதியே தயோல் தொகுதி. ‘மெர்காப்டன்’ என்ற பழைய பெயருக்குப் ‘பாதரசத்தைப் பிடிப்பது’ என்று பொருள். பாதரசத்தைக் கண்டால் தயோல் விடாமல் பற்றிக்கொள்ளும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் உடலிலும் தயோல்கள் உண்டு. புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் சிஸ்டீன் என்பதன் முனையில் தயோல் தொகுதி இருக்கிறது. முடி பொசுங்கும்போது எழும் நெடிக்கு, முடியிலுள்ள சிஸ்டீனின் கந்தகமும் ஒரு காரணம்.

தயோலின் தனிக்குணம் ஒன்று உண்டு. கந்தகம் தன் கையில் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அருகில் மற்றொரு தயோலும் இருந்து, ஆக்சிஜனேற்றமும் நடந்தால், இரண்டு கந்தகங்களும் ஹைட்ரஜனை விட்டுவிட்டு ஒன்றோடொன்று கை கோத்துக்கொள்ளும். இதை இருகந்தகப் பாலம் என்போம். ஒடுக்கம் நடந்தால் பாலம் பிரியும்; கைகள் மீண்டும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். கை கோத்தால் புரதம் ஒரு வடிவம், கை விட்டால் வேறு வடிவம். வடிவம் மாறினால் வேலையும் மாறும். தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதும் போன்ற வேலை இது.

சித்தன்னவாசல் ஓவியத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் இந்த ஓவியங்களைச் சோதனைச் சாலை முறையில் ஆராய்ந்தவர். காவி நிறம் என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். ஏற்கெனவே ஆக்சிஜனைப் பெற்றுவிட்டதால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மேலும் எளிதில் மாற்றுவதில்லை. நூற்றாண்டுகள் கடந்தும் நிறம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உயிருள்ள செல்லின் தயோல்கள் இப்படி நிலைத்து நிற்கக் கூடாது. அவை நொடிக்கு நொடி மாறி, மாறியதும் மீள வேண்டும். மீளாமல் போனால் செல்லுக்கு ஆபத்து.

போர்க்காலத்தில் ஒரு கண்டுபிடிப்பு

1943ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இடிபாடுகளில் நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாவது ஏன் என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷா டன் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து வந்தனர். அதற்காக அலாக்சன் என்ற வேதிப்பொருளை முயல்களுக்குச் செலுத்தினர். சிறுநீரகத்தைத் தேடிச் சென்றவர்களுக்குக் கணையத்தில் வியப்புக் காத்திருந்தது. லாங்கர்ஹான்ஸ் திட்டுகளின் செல்கள் செத்துக் கிடந்தன! இவ்வாறு, ஒரே ஊசியில் விலங்குகளுக்கு நீரிழிவை உண்டாக்கும் முறை ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது.

அலாக்சன் ஏன் பீட்டா செல்லை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்கிறது? 1946இல் அமெரிக்காவில் அர்னால்டு லாசரோ ஒரு சோதனை செய்தார். அலாக்சனைச் செலுத்துவதற்குச் சற்று முன், எலிகளுக்குச் சிஸ்டீனையோ குளூட்டாதயோனையோ செலுத்தினார். இவை இரண்டும் தயோல் உள்ள பொருள்கள். அந்த எலிகளுக்கு நீரிழிவு வரவில்லை! அலாக்சன் தாக்குவது தயோலைத்தான் என்பதற்கு இது நல்ல தடயம். வெளியிலிருந்து வந்த தயோல்கள் அடியைத் தாங்கிக்கொண்டு, செல்லின் தயோல்களைக் காப்பாற்றின.

மீதிக் கதை பின்னர் தெளிவாயிற்று. அலாக்சனின் வடிவம் குளுக்கோஸை ஒத்திருக்கிறது. எனவே எலியின் பீட்டா செல்லில் குளுக்கோஸ் நுழையும் வழியாகவே அதுவும் நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும், ‘நாக்கு’ என்றோமே, அந்தக் குளுக்கோகைனேஸ் நொதியின் தயோல்களை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. நாக்கு மரத்துப்போகிறது, செல்லால் சர்க்கரையைச் சுவைக்க முடிவதில்லை. அதோடு நில்லாமல், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற சினமிக்க ஆக்சிஜன் பொருள்களைப் பெருக்கிச் செல்லையே கொன்றுவிடுகிறது.

தொட்டால் திறக்கும், கெடுத்தால் மூடும்

1970களில் ஸ்வீடன் நாட்டின் ஊமியோ நகரில் போ ஹெல்மன் குழுவினர் வேறொரு பக்கத்திலிருந்து புகுந்தார்கள். தயோல் பாதரசத்தை விடாமல் பற்றும் என்றோம் அல்லவா? அவர்கள் பாதரசம் கலந்த கரிமப் பொருள்களைச் சுண்டெலியின் கணையத் திட்டுகளோடு சேர்த்தனர். அவற்றுள் சில, செல்லுக்குள் எளிதில் புகமுடியாதவை. சுவரிலுள்ள தயோல்களை மட்டுமே தொடக்கூடியவை. அவை தொட்டதும் இன்சுலின் வெளிவந்தது!

அதே காலத்தில் ஜெர்மனியில் அம்மோன் என்பவர் குழுவினர் இதற்கு எதிரான ஒன்றைக் கண்டனர். தயோல்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள்களைச் சேர்த்தபோது, குளுக்கோஸ் கொடுத்தும் இன்சுலின் சரியாக வரவில்லை. 1993இல் ஸ்டாக்ஹோமில், தயோல்களை ஆக்சிஜனேற்றம் செய்தால் பொட்டாசிய வாசலே மூடிக்கொள்கிறது என்றும், மீண்டும் ஒடுக்கினால் திறந்துகொள்கிறது என்றும் காட்டினார்கள்.

ஒருவர் ‘வரும்’ என்கிறார், மற்றவர் ‘வராது’ என்கிறார். குழப்பமாக இருக்கிறதா? குழப்பமில்லை. ஒரு வீட்டில் பல தாழ்ப்பாள்கள் இருப்பதுபோல், தயோல்கள் பல இடங்களில் உள்ளன. சுவரில் ஒன்று, குளுக்கோகைனேஸில் ஒன்று, பொட்டாசிய வாசலில் ஒன்று, நுண்பைகளை வெளியே தள்ளும் இயந்திரத்தில் ஒன்று. வாசல் தாழ்ப்பாளைத் தொட்டால் இன்சுலின் வரலாம். உள்ளேயிருக்கும் நாக்கைக் கெடுத்தால் வராது. எந்தத் தயோலை, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. குளுக்கோஸ் எரியும்போது ஏ.டி.பி. மட்டுமல்ல, என்.ஏ.டி.பி.எச். என்ற பொருளும் பெருகுகிறது. இது குளூட்டாதயோனை ஒடுக்க நிலையில் வைக்கிறது. குளூட்டாதயோன், குளூட்டாரெடாக்சின் என்ற சிறு புரதத்தின் துணையோடு மற்றப் புரதங்களின் கந்தகப் பாலங்களைப் பிரித்துவிடுகிறது. 2005இலும் 2015இலும் வெளியான ஆய்வுகள், இந்தச் சங்கிலி இன்சுலின் சுரப்பை மேலும் பெருக்குகிறது என்று காட்டின. ஏ.டி.பி. வாசலைத் திறக்கும் சாவி என்றால், தயோல்கள் எவ்வளவு அகலமாகத் திறப்பது என்பதைப் பார்த்துக்கொள்ளும் காவலர்கள்.

மூன்று பாலங்கள்

இன்சுலினுக்குள்ளேயும் கந்தகம் இருக்கிறது. இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 21 கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட மற்றொரு சங்கிலி. இவற்றிலுள்ள ஆறு சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகக் கை கோத்து மூன்று பாலங்களாகின்றன. இரண்டு பாலங்கள் சங்கிலிகளைப் பிணைக்கின்றன. மூன்றாவது, சிறிய சங்கிலிக்குள்ளேயே ஒரு வளையம். இந்த அமைப்பைக் கண்டறிந்த இங்கிலாந்தின் பிரெடரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. 1969இல் ஆக்ஸ்போர்டில் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினர் இன்சுலினின் முப்பரிமாண வடிவத்தை எக்ஸ் கதிர்களால் கண்டனர். அக்குழுவில் நம் நாட்டின் எம். விஜயனும் ஒருவர். பின்னர் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றி, புரதப் படிக ஆய்வை இந்தியாவில் வளர்த்தார்.

மூன்று பாலங்களில் ஒன்று தவறினால் என்ன? ஜப்பானின் அகிதா நகரில் ஒருவகைச் சுண்டெலிகளுக்குப் பரம்பரையாக நீரிழிவு வந்தது. காரணம் என்ன தெரியுமா? ஒரே ஒரு சிஸ்டீன் இருக்கவேண்டிய இடத்தில் டைரோசின் வந்துவிட்டது. ஒரு கந்தகம் துணையின்றித் தனியே நின்றது. இன்சுலின் சரியாக மடியவில்லை. மடியாத புரதம் குவிந்து, பீட்டா செல்லே நலிந்தது. இதே மாற்றம் மனிதக் குழந்தைகள் சிலருக்கும் இருப்பது 2007இல் தெரிய வந்தது. அவர்களுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. ஒரு தயோல் குறைந்ததற்கு இவ்வளவு பெரிய விலை!

காவலனுக்குக் காவல்

தயோல்களைக் காக்கப் பீட்டா செல்லிடம் போதிய படை இருக்கிறதா? இங்கேதான் ஒரு குறை. பெராக்சைடை அழிக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் கல்லீரலில் ஏராளம். கணையத் திட்டுகளில் அவை மிகக் குறைவு என்று 1996இல் ஜெர்மனியின் லென்சன் குழுவினர் காட்டினர். இரத்தச் சர்க்கரை நாள்தோறும் உயர்ந்தே இருந்தால், பீட்டா செல் ஓயாமல் எரிக்கிறது, ஆக்சிஜன் பொருள்கள் பெருகுகின்றன, தயோல்கள் மீள முடியாமல் தவிக்கின்றன, இன்சுலின் குறைகிறது, சர்க்கரை இன்னும் உயர்கிறது. இந்தச் சுழலை உடைப்பதற்காகத்தான், சர்க்கரையைத் தொடக்கத்திலேயே கட்டுக்குள் வையுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

அப்படியானால் குளூட்டாதயோன் மாத்திரையை விழுங்கினால் போதுமே என்று கேட்பீர்கள். விழுங்கிய குளூட்டாதயோனில் பெரும்பகுதி செரிமானத்திலேயே சிதைந்துவிடும். அதுமட்டுமல்ல, சிறிதளவு பெராக்சைடு பீட்டா செல்லுக்குச் சைகையாகவும் தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் துடைத்தெறிவது நல்லதன்று.

சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள வறண்ட நிலத்தில் மஞ்சள் பூ பூத்த செடிகளைக் கண்டிருப்பீர்கள். அவை ஆவாரை. ஆவாரம்பூ நீரிழிவுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற பொருளால் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்தபோது, அவற்றின் இரத்தச் சர்க்கரை குறைந்தது என்று 2002இல் வெளியிட்டனர். பாராட்டத்தக்க ஆய்வு. ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. அலாக்சனையே எடுத்துக்கொள்ளுங்கள்: எலியின் பீட்டா செல்லைக் கொல்லும் அது, மனிதப் பீட்டா செல்லை எளிதில் அசைப்பதில்லை, அது நுழையும் வழி நம்மில் மிகக் குறைவு. எலியில் கண்டதை மனிதரில் முறைப்படி சோதித்துப் பார்க்கும்வரை அதை மருந்தென்று நம்பி, மருத்துவர் தந்த மருந்தை விட்டுவிடக் கூடாது.

உங்கள் வகுப்பில் ஒருவர்

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார் எம். விசுவநாதன். அக்காலத்தில் இது வசதி படைத்தவர் நோய் என்று பலரும் எண்ணினர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில், 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்தது. அதன் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர்.

பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. சிறுவர் சிறுமியருக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை. உடலின் நோயெதிர்ப்புப் படையே தவறுதலாகப் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இனிப்புத் தின்றதால் வந்ததன்று, ஒட்டிக்கொள்ளும் நோயுமன்று. சுவை பார்க்கச் செல் இல்லை. திறக்க வாசல் இல்லை. காக்கத் தயோலும் இல்லை. எனவே மாத்திரையோ மூலிகையோ அங்கே பயன்படாது. ஊசி வழியே தினமும் வரும் இன்சுலின்தான் உயிர். அதை ஓரிரு நாள் நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து.

ஆகவே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தம்பியோ தோழியோ அடங்காத தாகம் என்கிறாரா? அடிக்கடி சிறுநீர் கழிக்கிறாரா? நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறாரா? அன்றே மருத்துவரிடம் காட்டி இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நண்பர் விளையாடும்போது திடீரென்று வியர்த்து, நடுங்கி, தடுமாறினால், சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைக் கரைசலோ குளுக்கோஸோ கொடுத்து, ஆசிரியரை அழையுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உங்களைப் பொறுத்தவரை நீங்கள் செய்யக்கூடியது எளிது: ஓடுங்கள், ஏறுங்கள், விளையாடுங்கள். உழைக்கும் தசை, இன்சுலின் அதிகம் இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை நீங்கள் குன்றேறும்போதும், உங்கள் பீட்டா செல்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கிறது.